முப்பது டிகிரிப் பெட்டி

என் அக்கா வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவாள். ஒரு நிமிடம் கழித்து மேலே ஏறி வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் இறங்குவாள். சில நாட்களில் இது மூன்று முறை நடக்கும். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த முதல் வாரத்தில், நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்று தெரிந்தும் ஏறி வந்தாள்.

"நான் பாத்துக்கிறேன்க்கா, நீ போ" என்றேன்.

"நீ பாப்ப" என்றாள். "நான் பாத்தேனான்னுதான் தெரியல."

அவள் மூக்குக்கண்ணாடியும் புதிதாக இருந்தது. அதைப் பற்றி அத்தான்தான் சொன்னார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பேச்சுக்குக் குறை வைப்பதில்லை.

"மூணு கண் டாக்டர் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாலாவது ஆளு பாவம், இவ விட மாட்டான்னு தெரிஞ்சு ஏதோ ஒண்ண எழுதிக் குடுத்தாரு. நம்ம ஜன்னல் கண்ணாடிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்ல."

நான் கிளம்பிப் போனபோது இருந்த அக்கா இவள் இல்லை.

அவளுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். பள்ளி முடிந்ததும் இரண்டு வருட ஆய்வகப் படிப்பு படித்துவிட்டு, இருபது வயதில் பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடியில் ஈஸ்ட் ஆராய்ச்சி நடக்கும் கூடத்தில் சேர்ந்தாள். ஈஸ்ட் வளர்வதற்கான கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவது, சூட்டுப் பெட்டிகளின் வெப்பத்தைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, உறைபெட்டியில் இருக்கும் குழாய்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது, இவைதான் அவள் வேலை. கூழ் அதிகச் சூட்டில் இருந்தால் தட்டு வேர்க்கும்; ஆறிவிட்டால் கட்டி தட்டும். மற்றவர்கள் வெப்பமானியைத் தேடுவார்கள். அக்கா குடுவையின் அடியை முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு கணம் வைத்துவிட்டு "அம்பத்திரெண்டு" என்பாள். மாணவர்கள் பந்தயம் கட்டி அளந்து பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு இருக்கும். ஒருமுறை ஐம்பத்தொன்று காட்டியபோது, "நீங்க வெப்பமானி தேடுற நேரத்துல ஒண்ணு ஆறிப்போச்சு" என்றாளாம்.

அவளுக்கு 'முப்பதக்கா' என்று பெயர் வைத்தது அந்த மாணவர்கள்தான். ஈஸ்டுக்குப் பிடித்த சூடு முப்பது டிகிரி. அக்காவும் அப்படித்தான், கொதிக்கவும் மாட்டாள், உறையவும் மாட்டாள் என்று காரணம் சொன்னார்கள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. உறைந்த குழாய் ஒன்று சுரண்டிச் சுரண்டித் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்ததும், புதிதாக ஒன்று தயாரித்து வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கிப் போட வேண்டும். அக்காவுக்கு மனசு வராது. அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தோடு அதை முதல் மாடியில் இருக்கும் பொது உறைபெட்டியில், நீல அட்டைப் பெட்டி ஒன்றில் செருகி வைப்பாள். அந்தப் பெட்டிக்கு மாணவர்கள் 'முதியோர் இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். அக்கா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் கையாலேயே பெட்டியின் மேல் அப்படியே எழுதியும் ஒட்டினாள்.

அந்தக் கூடத்தில் என்னதான் ஆராய்ந்தார்கள் என்பதை அக்காவைவிட அத்தான் சுலபமாகச் சொல்வார். ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஒற்றை உயிரணு. அதற்குள் ஓயாமல் புரதங்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் ஓரிடத்துக்குப் போயாக வேண்டும். சில அணுவின் மேல்தோலுக்கு, சில செரிமான அறைக்கு, சில வெளியே. போக வேண்டிய இடம் புரதத்தின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. முதலில் அது மடிப்பு மடிப்பான ஓர் அறைக்குள் நுழைந்து, அங்கே சரியான வடிவத்துக்கு மடிக்கப்படுகிறது. சரியாக மடியாததை மேலே விடுவதில்லை. பிடித்துவந்து நறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேறியவை நுண்ணிய பைகளில் ஏறி அடுத்த அறைக்குப் போகின்றன. அங்கே பிரித்து, வேறு பைகளில் ஏற்றி, அதனதன் இடத்துக்கு அனுப்புகிறார்கள். "பத்து மாடிக் கட்டடம், நூறு லிஃப்ட், ஆபரேட்டர் ஒருத்தர்கூடக் கிடையாது" என்பார் அத்தான். "எனக்கு அங்க வேலையே இருக்காது."

அவருக்கு வேலை இருக்கக்கூடிய ஈஸ்ட் ஒன்றும் அங்கே இருந்தது. அதுதான் கூடத்தின் சொத்து. பைகளை வெளித்தோலில் சேர்க்கும் கருவியில் அதற்கு ஓர் ஊனம். இருபத்தைந்து டிகிரியில் மெதுவாக, ஆனால் ஒழுங்காக வளரும். முப்பத்தேழில் அந்தக் கருவி நின்றுவிடும். பைகள் போய்ச் சேர இடமில்லாமல் உள்ளேயே குவிந்து அணு செத்துப்போகும். வெயிலில் மட்டும் நிற்கிற லிஃப்ட். எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் எப்படி ஓடுகிறது என்று தெரியும். அதனால் அந்த நோஞ்சான் ஈஸ்டைக் கண்போலக் காப்பாற்றினார்கள்.

நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு எதிலும் ஒட்டாமல் இருந்தபோது, பேராசிரியரிடம் கேட்டு அங்கே எனக்கு ஆறு மாத வேலை வாங்கிக் கொடுத்தவள் அக்கா.

இப்போது அவள் நான்காவது மாடியில் இல்லை. தரைக்குக் கீழே, பாத்திரம் கழுவும் அறையில் இருக்கிறாள். எல்லா மாடிகளிலிருந்தும் வரும் குடுவைகளைக் கழுவி, நீராவியில் அவித்து, காய வைத்து அனுப்புகிறாள். விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது. ஏன் கீழே வந்தாய் என்று கேட்டதற்கு, "மாத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது அத்தானைக் கேட்டேன்.

"அவ சொல்லலயா? சொல்ல மாட்டா. நீ போன பிறகு ஒரு பொண்ணு அந்த நோஞ்சான வச்சு வேலை ஆரம்பிச்சுது. முப்பத்தேழுல வச்சா சாகணும். சாகல. ஜம்முனு வளருது. எட்டு மாசம் அந்தப் பொண்ணு தலைய பிச்சுக்கிச்சு. கடைசில பெட்டில சூடே ஏறலன்னு முடிவு பண்ணாங்க. ஆனா ரெஜிஸ்டர்ல தெனமும் முப்பத்தேழு. எழுதினது உங்கக்கா."

"பெட்டிய சோதிச்சுப் பாக்கலயா?"

"பாத்தாங்க. அரை டிகிரி கம்மி. அது போதுமே. பாக்காமலே எழுதிட்டான்னு ஆயிடுச்சு."

"ஈஸ்ட்லயே தப்பு இருக்கலாம்னு யாரும் நினைக்கலயா?"

"நினைச்சாங்களே. இந்த டியூப சோதிச்சுதான் வச்சீங்களான்னு சார் கேட்டாரு. 'என் தங்கச்சி சோதிச்சா சார், அதுல சந்தேகமே இல்ல'ன்னு இவளே சொன்னா. அப்பறம் மிச்சம் என்ன? பெட்டி. பெட்டின்னா இவ." அத்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மாத்தினதுகூடப் பெருசில்ல. போகப் போக இவளே நம்ப ஆரம்பிச்சுட்டா. நான் சரியா பாத்திருக்க மாட்டேன், என் கண்ணு சரியில்லன்னு. இப்ப தட்டு ஊத்துற அம்மா அடுத்த மாசம் வேலைய விடறாங்க. மறுபடியும் கேளுன்னு நான் மனுகூட எழுதிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேங்கறா. என்னையே நான் நம்பல, அவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறதுங்கறா. எனக்கும் பதில் தெரியல."

எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால், என் பயணச்சீட்டு கைக்கு வந்த பிறகு, பேராசிரியர் கடைசி வேலையாக அந்த நோஞ்சானைக் கொடுத்தார். பழைய குழாய் தீரப்போகிறது, வளர்த்துப் புதுக் குழாயில் உறைய வைத்துவிட்டுப் போ என்றார். தட்டில் கீறி இருபத்தைந்து டிகிரிப் பெட்டியில் வைத்தால் கண்ணுக்குத் தெரிய நான்கு நாளாகும். எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. முப்பத்தேழில் வைத்தால் செத்துவிடும் என்று தெரியும். முப்பது நடுவில்தானே இருக்கிறது என்று அந்தப் பெட்டியில் வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள்.

இரண்டாம் நாள் பார்த்தேன். ஊசி முனை அளவில் சாம்பல் புள்ளிகள் நிறைய. அவற்றுக்கு நடுவில் மூன்று மட்டும் கொழுகொழுவென்று வெள்ளையாக. சூடு தாங்காத கூட்டத்தில் லட்சத்தில் ஒன்று தற்செயலாகத் தன் ஊனத்தைச் சரிக்கட்டிக்கொண்டு மற்றவற்றை முந்திவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நோஞ்சானைத்தான் பொறுக்க வேண்டும். நான் பெரியதைப் பொறுக்கினேன். ஆரோக்கியமாக இருப்பதை எடுக்கத்தானே கை போகும் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. பெரியதை எடுத்தால் சீக்கிரம் வளரும், ஊருக்குக் கிளம்பலாம். எடுக்கும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது.

உறைய வைப்பதற்கு முன் முப்பத்தேழில் வைத்துச் சாகிறதா என்று சோதிக்க வேண்டும். சோதித்தால் குழாயின் சீட்டில் ஒரு சின்ன வட்டம் போடுவது கூடத்தின் வழக்கம். சீட்டு எழுதும் பேனா அக்காவிடம்தான் இருக்கும். உறைகுளிரிலும் அழியாத மை. "சோதிச்சிட்டியாடி?" என்று கேட்டாள். "ம், சோதிச்சிட்டேன்" என்றேன். அவள் வட்டம் போட்டாள்.

அடுத்த நாள் நான் கிளம்பிவிட்டேன். கப்பல் சமையலறைகளிலும் பழத்தோட்டங்களிலும் விடுதி வரவேற்பறைகளிலும் ஆறு வருடம். அந்த வெள்ளைப் புள்ளி எப்போதாவது நினைவுக்கு வரும். யாராவது கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று தள்ளிவிடுவேன்.

அன்று மாலையே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் காய்கறிப் பையோடு படியேறி வந்தாள். பையை வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை. மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பேராசிரியரிடம் போனேன். அவர் மூலமாகச் செய்தி போய்ச் சேர்ந்தால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது என்ற எண்ணம்தான்.

நான் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது சார். தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

"அவங்க முகத்துக்கு நேரா சொன்னேன். உக்காந்த எடத்துலயே நம்பர் எழுதறீங்கன்னு. பதினாறு வருஷம் வேலை பாத்தவங்க." பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நீ சொன்னா போதாது. ஈஸ்ட் சொல்லணும். பழைய டியூப் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். அத எப்பவோ தூக்கிப் போட்டிருப்பாங்களே."

"முதியோர் இல்லத்துல இருக்கும் சார்."

இருந்தது. முதல் மாடி உறைபெட்டியின் அடித்தட்டில் பனி மூடிய நீல அட்டைப் பெட்டி. அதில் மூன்றாவது வரிசையில் அந்தக் குழாய், அடியில் நகக்கண் அளவு உறைந்த ஈஸ்டோடு. சீட்டில் அக்காவின் எழுத்து துளியும் கலையவில்லை.

"அவங்களே கீறட்டும்" என்றார் பேராசிரியர். ஆள் அனுப்பினார்.

அக்கா நான்காவது மாடிக்கு வந்து, அந்நியர் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றாள். என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். பேராசிரியர் இரண்டு குழாய்களையும் காட்டி, காரணம் எதுவும் சொல்லாமல், இரண்டு தட்டுகளிலும் பாதிப் பாதியாகக் கீறச் சொன்னார். ஒன்று இருபத்தைந்துக்கு, ஒன்று முப்பத்தேழுக்கு.

"கை ஈரமா இருக்கு சார்" என்று புடவையில் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்து கம்பி வளையத்தைத் தீயில் காட்டிய பிறகு அந்தக் கை மாறிவிட்டது. நான்கு இழுப்பு, ஒவ்வொன்றும் முந்தையதைத் தொட்டும் தொடாமலும். தட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெப்பமானியைக் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "என்ன காட்டுதுன்னு நீ சொல்லும்மா" என்றாள்.

"முப்பத்தேழுக்கா."

"நல்லா பாத்தியா?"

விளைவு தெரிய நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே அக்கா சொன்னாள். "எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியல. புதுசா வேற ஏதாவது தப்பு கண்டுபிடிச்சிருக்காங்களோ என்னவோ. நீ அங்க எதுக்குடி வந்த?"

"சும்மா. சாரப் பாக்க."

அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அன்று அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பேராசிரியர் தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். இருபத்தைந்து டிகிரித் தட்டில் இரண்டு பாதியிலும் ஈஸ்ட். முப்பத்தேழில், பழைய குழாயைக் கீறிய பாதி வெறும் கூழாக, அவள் கம்பி போன தடம் மட்டும் தெரிய, மொட்டையாக இருந்தது. என் குழாயின் பாதி வெள்ளை வெளேரென்று மொய்த்துக் கிடந்தது. ஒரே தட்டு, ஒரே பெட்டி, ஒரே சூடு. சூட்டில் கோளாறு என்றால் இரண்டுமே வளர்ந்திருக்க வேண்டும்.

அக்கா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். குழாய்களின் சீட்டைப் பார்த்தாள். தான் போட்ட வட்டத்தை விரலால் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பெட்டில வச்ச?"

"முப்பதுல."

"பெருசா இருந்தத எடுத்தியா?"

"ஆமா."

"சோதிச்சிட்டேன்னு சொன்னியே."

நான் அந்த வட்டத்தையே பார்த்தேன்.

பேராசிரியர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "குடுவையெல்லாம் வெந்துட்டிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் கீழே போனாள். நான் பின்னாலேயே போனேன். கழுவும் அறை முழுக்க நீராவி. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குடுவையைத் தேய்த்தாள். கண்ணாடி நீராவியில் மங்கிப்போனதும் கழற்றித் தலைமேல் வைத்தாள்.

"அக்கா, மன்னிச்சிடு."

"பாத்திரம் கழுவறது எனக்கு ஒண்ணும் கேவலமில்ல" என்றாள் குடுவையிடம். "எங்கயும் வேலை வேலைதான். அஞ்சு வருஷமா நான் என்னையே நம்பலடி. தெருவைக் கடக்க வண்டி வருதான்னு ரெண்டு பக்கமும் பாப்பேன். பாத்துட்டு, பாத்தேனான்னு மறுபடியும் பாப்பேன். நாலு டாக்டர்கிட்ட போனேன். நாலு பேரும் கண்ணு நல்லா இருக்குன்னாங்க. அவங்கள நம்பல. உன்ன நம்பினேன்."

நான் கழுவித் தருகிறேன் என்று ஒரு குடுவையை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

அதன் பிறகு எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள், என் துணியையும் சேர்த்து மடித்தாள், வார்த்தை மட்டும் இல்லை. "அவள சாப்பிடச் சொல்லுங்க", "அக்காவ படுக்கச் சொல்லுங்க" என்று எல்லாம் அத்தான் வழியாகவே நடந்தது.

"ரெண்டு மாடிக்கும் நடுவுல நான்தான் போயிட்டு வந்துட்டிருக்கேன்" என்றார் அவர் என்னிடம். "எனக்கும் உன்மேல கோபம்தான். வீட்ல ஒருத்தராவது வாயத் திறக்கணுமேன்னுதான் பேசறேன்."

"நான் வேற எங்கயாவது போயிடட்டுமா அத்தான்?"

"போவ. அதுதான் உனக்கு நல்லா வருமே."

நான் போகவில்லை. இந்த முறை கிளம்புவது எவ்வளவு சுலபம் என்பதே பயமாக இருந்தது.

அந்த எட்டு நாளில் பேராசிரியர் தானே கழுவும் அறைக்கு இறங்கி வந்தாராம். பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து, அவள் பார்க்காமலே எழுதியதாகத் தான் அதில் போட்டிருந்த குறிப்பை அடித்து, கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, அவளிடம் காட்டினாராம். தட்டு ஊற்றும் அறைக்கு வந்துவிடுங்கள் என்றாராம். "ரெண்டு நாள் யோசிக்கணும் சார்" என்று சொன்னாளாம். இதையும் அத்தான்தான் சொன்னார். அந்த மனு மேசைமேல் கிடந்தது. சனிக்கிழமை பார்த்தபோது கையெழுத்து இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா கிளம்பினாள். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது, பழகிவிட்டது போல. நான் சமையலறையில் நின்று காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பம். நின்றது.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதைச் சொல்லலாமா, சொன்னால் யாருடைய வார்த்தையாக அது இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. காலடி மேலே ஏறி வந்தது. கதவு திறந்தது. நான் சமையலறை வாசலிலிருந்து விலகி வழிவிட்டேன்.

அவள் இந்தப் பக்கமே வரவில்லை. முன்னறை அலமாரியின் மேல்தட்டில் கையைவிட்டுத் துழாவி எதையோ எடுத்தாள். சீட்டு எழுதுகிற அந்தப் பேனா. மூடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். மை வந்தது. பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"கதவச் சாத்திக்கோ" என்றாள். இறங்கிப் போனாள்.